ஸ்லைடரைத் தொடுமுன் ஃபிரேமை எண்ணுங்கள்

வீட்டு எடிட்டிங்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை கிளிப் வேகத்தைப் பற்றி நிறையக் கடிதங்கள். குரல் பின்தங்குகிறது, படம் ஓட்டமாக ஓடுகிறது, ஸ்லோமோஷன் தத்தித் தத்திப் போகிறது என்று ஆளுக்கு ஒரு பிரச்சினை, ஆனால் எழுதியவர்கள் அத்தனை பேரும் முதலில் செய்தது ஒன்றுதான்: வேக ஸ்லைடரைப் பிடித்து இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லத்தான் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளினேன். வீடியோ என்பது வரிசையாக ஓடும் படங்கள், அதில் ஒவ்வொரு படமும் ஒரு ஃபிரேம். நொடிக்கு எத்தனை படம் என்பது ஃபைலுக்கு ஃபைல் மாறும். அந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் வேகத்தில் கைவைத்தால் ஒரு இடம் சரியாகி இன்னொரு இடம் கெடும்.

கேள்வி: அப்பா அம்மா மணிவிழாவை மண்டபத்தில் போனை ஸ்டாண்டில் நிறுத்தி 48 நிமிடம் ஒரே ஷாட்டாக எடுத்தேன். போனில் பார்த்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டால் ஆரம்பத்தில் உதடும் குரலும் ஒட்டிப் போகின்றன, மாலை மாற்றும் இடம் வரும்போது வாய் அசைந்து முடிந்த பிறகுதான் மந்திரம் கேட்கிறது. ஆடியோவைத் தனியாகப் பிரித்து, படத்தின் வேகத்தை மட்டும் 99.9 சதவீதம் ஆக்கினேன். அந்த இடம் சரியானது. கடைசியில் அப்பா பேசும் இடம் கெட்டுவிட்டது. இன்னும் எவ்வளவு குறைக்க வேண்டும்? (ஈரோடு வாசகர்)

பதில்: குறைக்கவே வேண்டாம். 99.9ஐ அழித்துவிட்டு பழையபடி 100க்குக் கொண்டு வாருங்கள்.

உங்கள் போன் நொடிக்கு 30 ஃபிரேம் என்று சொன்னாலும் 48 நிமிடமும் அதே 30ஐ எடுத்திருக்காது. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் ஒளி வாங்க வேண்டும் என்பதால் போன் தானாகவே 26, 24 என்று இறங்கிவிடும். கேமராக்காரர் லைட்டைப் போட்டதும் மறுபடி 30க்கு ஏறும். போன் சூடானாலும் சில ஃபிரேம்கள் விழுந்துபோகும். ஒவ்வொரு ஃபிரேமும் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று ஃபைலுக்குள் குறிப்பு இருக்கும், போனின் பிளேயர் அதைப் படித்து அப்படியே காட்டுகிறது, அதனால்தான் போனில் எந்தக் குறையும் தெரியவில்லை. பழைய எடிட்டிங் சாஃப்ட்வேர் பல அந்தக் குறிப்பைச் சரியாகப் படிப்பதில்லை, எல்லா ஃபிரேமையும் சம இடைவெளியில் அடுக்கிவிடுகின்றன. ஃபிரேம் குறைவாக இருந்த பகுதி வேகமாக ஓடி முடிந்துவிடும். குரலோ எப்போதும் ஒரே சீராகப் பதிவாகியிருக்கும். இப்படித்தான் படம் முந்தி, மந்திரம் பின்னால் வருகிறது.

இப்போது 99.9 ஏன் உதவவில்லை என்று புரிந்திருக்கும். உங்கள் ஃபைலில் ஒரு இடத்தில் வித்தியாசம் அதிகம், இன்னொரு இடத்தில் இல்லவே இல்லை. மேடும் பள்ளமுமான தரையை ஒரே பலகை போட்டுச் சமமாக்க முடியாது.

செய்ய வேண்டியது இது. முதலில் மீடியா இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்த ஃபைலைத் திறந்து, ஃபிரேம் ரேட் மோட் என்ற வரியைப் பாருங்கள். வேரியபிள் (மாறிக்கொண்டே இருப்பது) என்று இருந்தால் நோய் இதுதான். அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற, வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் மென்பொருளில் (இதுவும் இலவசம்) ஃபைலைப் போட்டு, வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட்டை 30 என்று வையுங்கள், அதற்குக் கீழே கான்ஸ்டன்ட் (மாறாத) ஃபிரேம்ரேட் என்பதைக் கட்டாயம் தேர்வு செய்யுங்கள். தரம் குறிக்கும் ஆர்எஃப் எண்ணை 18 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும். வேலை முடிந்ததும் எடிட் செய்ய ஓடாதீர்கள், புது ஃபைலைத் திறந்து நேராகக் கடைசி இரண்டு நிமிடத்துக்குப் போய் உதட்டையும் குரலையும் பாருங்கள். கடைசியில் ஒட்டியிருந்தால் நடுவிலும் பெரும்பாலும் ஒட்டியிருக்கும். இந்தப் புது ஃபைலை வைத்து எடிட் செய்யுங்கள், பழைய அசலை அழித்துவிடாதீர்கள்.

ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். இப்படிப்பட்ட ஃபைலைத் திறந்ததுமே எடிட்டுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றட்டுமா என்று அதுவே கேட்கும். பலர் அந்தப் பெட்டியைப் படிக்காமல் மூடிவிடுகிறார்கள். ஆம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் ஏற்கெனவே வெட்டி ஒட்டி வைத்திருப்பதை என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். மனதுக்குக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லத்தான் வேண்டும், புது ஃபைலில் மறுபடி வெட்டுங்கள். பழைய வெட்டுகள் எல்லாம் தவறான இடத்தில் அடுக்கிய படத்தின் மேல் போட்டவை, புது ஃபைலை அதே பெயரில் மாற்றி வைத்தால் ஒவ்வொரு வெட்டும் கொஞ்சம் கொஞ்சம் விலகி நிற்கும். மணிவிழா ஒருமுறைதான் வரும். இரண்டு நாள் சேர்த்துச் செலவானால் பரவாயில்லை.

அடுத்த முறைக்கு ஒன்று. ஐபோனாக இருந்தால் கேமரா செட்டிங்ஸில் ரெக்கார்ட் வீடியோவுக்குள் ஆட்டோ எஃப்பிஎஸ் என்பதை அணைத்து வையுங்கள். இருட்டில் படம் கொஞ்சம் மங்கலாக வரும், ஆனால் ஃபிரேம் இறங்காது. உறவினர்கள் எடுத்ததைக் கேட்டு வாங்கும்போது வாட்ஸ்அப்பில் வீடியோவாக வாங்காமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். வீடியோவாக வருவது சுருக்கப்பட்ட நகல்.

கேள்வி: வேகத்தை 50 என்று வைத்தால் கிளிப்பின் பின்பாதி காணாமல் போகிறது. (விருதுநகர் வாசகி)

பதில்: எங்கும் போகவில்லை. வேகம் பாதியானால் நீளம் இரட்டிப்பாகும், 10 நொடி கிளிப்புக்கு 20 நொடி இடம் வேண்டும். உங்கள் டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டையில்) அடுத்த கிளிப் ஒட்டி நிற்பதால் பழைய 10 நொடிக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவைக் காட்டி மிச்சத்தை மறைத்துவிடுகிறது. அடுத்த கிளிப்களை எல்லாம் வலதுபக்கம் தள்ளிவிட்டு, இந்தக் கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுங்கள், மறைந்தது வெளியே வரும். சில மென்பொருள்களில் ரிப்பிள் என்று ஒரு டிக் இருக்கும், அதைப் போட்டால் தள்ளும் வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: தாத்தா 1970களில் சூப்பர் 8 கேமராவில் எடுத்த தைப்பூசம், வீட்டுக் கல்யாணம் எல்லாம் சுருள் சுருளாக இருந்தன. ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டல் ஆக்கி வாங்கினோம். காவடி எடுப்பவர்கள் எல்லோரும் ஓடுகிறார்கள், பாட்டி தலையைத் திருப்பினால் வெட்டித் திருப்பியது போல இருக்கிறது. ஒவ்வொரு சுருளும் இரண்டரை நிமிடம்கூட வரவில்லை. பாட்டியை நிதானமாக நடக்கவைத்துப் பார்க்க ஆசை. (கிள்ளான், மலேசியா)

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்ததும் மற்றதை எல்லாம் வைத்துவிட்டு முதலில் இதற்குத்தான் கணக்குப் போட்டேன். நல்ல செய்தி, உங்கள் பாட்டி நிதானமாக நடப்பார்.

1965இல் கோடாக் கொண்டுவந்த சூப்பர் 8இல் சத்தம் இல்லாத வீட்டுப் படங்களுக்கு வழக்கமான வேகம் நொடிக்கு 18 ஃபிரேம். ஒரு கார்ட்ரிட்ஜில் 15 மீட்டர் ஃபிலிம், சுமார் 3,600 ஃபிரேம். 18ஆல் வகுத்தால் 200 நொடி, அதாவது 3 நிமிடம் 20 நொடி. இதே 3,600ஐ நொடிக்கு 25 என்று ஓட்டினால் 144 நொடியில், 2 நிமிடம் 24 நொடியில் முடிந்துவிடும். நீங்கள் சொல்லும் இரண்டரை நிமிடக் கணக்கு இதோடு ஒத்துப்போகிறது. கடையில் ஒவ்வொரு ஃபிலிம் ஃபிரேமையும் ஒரு வீடியோ ஃபிரேமாக எடுத்து, மலேசியாவிலும் இந்தியாவிலும் டிவிக்கு வழக்கமான 25இல் ஓடவிட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இதைச் சந்தேகமில்லாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ஃபைலை எடிட்டரில் திறந்து, கீபோர்டில் வலது அம்புக்குறியை ஒவ்வொரு தட்டாகத் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் படம் புதிதாக மாறினால் நான் சொன்னதுதான் நடந்திருக்கிறது. நாலைந்து தட்டுக்கு ஒருமுறை படம் மாறாமல் அப்படியே நின்றால் கடைக்காரர் ஏற்கெனவே வேகத்தை ஓரளவு சரிசெய்ய முயன்றிருக்கிறார், அப்போது நீங்கள் மறுபடி குறைத்தால் அளவுக்கு மேல் மெதுவாகிவிடும்.

எல்லாம் புதிதாக மாறுகிறது என்றால், 18ஐ 25ஆல் வகுத்தால் 0.72. ஷாட்கட்டில் கிளிப்பைத் தேர்வு செய்து, ப்ராப்பர்ட்டீஸில் ஸ்பீடு என்ற இடத்தில் 0.72 என்று தட்டுங்கள். மற்ற மென்பொருள்களில் 72 சதவீதம். கையால் ஸ்லைடரை இழுத்து 70, 75 என்று கண்ணளவில் நிறுத்த வேண்டாம், எண்ணாகவே எழுதுங்கள். சுருள்களில் சில சூப்பர் 8க்கு முந்தைய சாதாரண 8 மில்லிமீட்டராக இருந்தால் அதற்கு வழக்கம் 16 ஃபிரேம், அப்போது 64 சதவீதம். எது எது என்று ஃபிலிமின் ஓட்டையைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம், சூப்பர் 8க்குச் சிறிய ஓட்டை, சாதாரண 8க்குப் பெரியது. தாத்தாவின் கேமராவில் 24 என்றும் ஒரு வேகம் இருந்திருக்கலாம், அதனால் ஒவ்வொரு சுருளிலும் யாராவது சாதாரணமாக நடக்கும் ஒரு இடத்தையாவது பார்த்து முடிவு செய்யுங்கள். கை ஆட்டிப் பேசுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், நடைதான் ஏமாற்றாது.

மென்பொருள் இடையில் ஃபிரேம் பிளெண்டிங், ஆப்டிகல் ஃப்ளோ என்று ஏதாவது சேர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். 18 படம் 25 இடத்தில் பரவும்போது நொடிக்கு ஏழு ஃபிரேம் இரண்டாம் முறை வரும், லேசாகத் தத்தும், அது பழைய ஃபிலிமின் ஓட்டத்தோடு பொருந்திவிடும். இல்லாத ஃபிரேமைக் கணக்குப் போட்டு வரைந்து நுழைத்தால் பாட்டியின் முகத்தில் தாத்தாவின் கேமரா பார்க்காத ஒன்று வந்து உட்காரும். அது எனக்குச் சம்மதமில்லை.

கடையிலிருந்து வந்த ஃபைலைத் தொடாமல் தனி டிஸ்க்கில் ஒரு பிரதி வையுங்கள். சுருளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகளின் அரங்கேற்ற வீடியோவில் தில்லானாவின் ஒரு சுழற்சியை ஸ்லோமோஷனில் காட்ட நினைத்து 20 சதவீதம் வைத்தேன். படம் படமாக நின்று நின்று போகிறது. டாவின்ச்சி ரிசால்வ் மென்பொருளில் ஆப்டிகல் ஃப்ளோ போட்டேன், வழவழப்பாக வந்தது, ஆனால் விரல்கள் கரைந்து ஒன்றோடு ஒன்று ஒட்டுகின்றன. (கும்பகோணம் வாசகி)

பதில்: நொடிக்கு 30 படம் எடுத்த கிளிப்பை 20 சதவீதத்துக்கு இறக்கினால் நொடிக்கு 6 உண்மையான படங்கள்தான் மிஞ்சும். கண்ணுக்கு அது போதாது. ஆப்டிகல் ஃப்ளோ முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்து இடையில் வர வேண்டியதை ஊகித்து வரைகிறது. மரம், கார், நடந்து வரும் ஆள் என்றால் நன்றாகவே ஊகிக்கும். வேகமாகத் திரும்பும் கை, ஒன்றை ஒன்று மறைக்கும் விரல்கள், விசிறி மடிப்பு, கொட்டும் தண்ணீர் இவற்றில் தோற்றுப்போகும். பரதத்தில் முத்திரை கரைந்தால் பாக்கி என்ன இருக்கிறது?

எடுத்தது 30 என்றால் 50 சதவீதத்துக்குக் கீழே போகாதீர்கள், அதுவும் விரல் தெளிவாக நிற்கும் இரண்டு நொடிக்கு மட்டும், ஆப்டிகல் ஃப்ளோ இல்லாமல். நொடிக்கு 60 எடுத்தது கையில் இருந்தால் நொடிக்கு 30 என்று வைத்த டைம்லைனில் 50 சதவீதம் ஒரு ஃபிரேம்கூடக் குறையாமல் கச்சிதமாக வரும், 120 என்றால் 25 சதவீதம் வரை போகலாம். கணக்கு எப்போதும் ஒன்றுதான், டைம்லைனின் எண்ணைக் கிளிப்பின் எண்ணால் வகுத்தால் எவ்வளவு இறங்கலாம் என்பது தெரியும்.

ஜதியையும் பாட்டையும் மெதுவாக்க வேண்டாம் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஆடியோவைப் பிரித்து அப்படியே ஓடவிட்டு, ஸ்லோமோஷனில் நீண்ட நேரத்தை வேறொரு இடத்தில் படத்தை வெட்டிச் சரிக்கட்டி, தீர்மானத்தில் (ஜதி முடியும் இடத்தில்) காலும் தட்டும் மறுபடி சேரும்படி பாருங்கள். தாளம் விலகினால் பார்க்கிற ஆசிரியருக்கு உடனே தெரிந்துவிடும், மகளுக்கும்தான் சங்கடம்.

இனி எடுப்பவர்களுக்கு: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கின்றன. 120, 240இல் எடுத்தால் படம் முழுக்கத் துடிக்கும். ஸ்லோமோஷன் வேண்டும் என்றால் அரங்கேற்ற உடையில் ஒரு காலை வேளை, வெயில் வெளிச்சம் விழும் முற்றத்தில் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐபோனில் ஸ்லோமோஷனாக ஓடும் கிளிப், கம்ப்யூட்டருக்கு மாற்றினால் சாதாரண வேகத்தில் ஓடுகிறது. கெட்டுவிட்டதா? (திருச்சி)

பதில்: இல்லை, உள்ளே எல்லா ஃபிரேமும் பத்திரமாக இருக்கின்றன. எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை மெதுவாக ஓட வேண்டும் என்பதைப் போன் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டிருந்தது, கம்ப்யூட்டருக்கு வந்தது நொடிக்கு 240 படம் கொண்ட அசல். 30 டைம்லைனில் 12.5 சதவீதம் என்று வையுங்கள். வேறு சில போன்கள் மெதுவாக்கிய பிறகு 30 ஃபிரேம் ஃபைலாகவே சேமிக்கின்றன, அதை இன்னும் குறைத்தால் தத்தும், பழைய வேகம் வேண்டுமானால் 400 அல்லது 800 சதவீதம் என்று வைக்க வேண்டும்.

கேள்வி: கிளிப் டைம்லைனில் ஆமை போல் நகர்கிறது, வேகம் 100 என்றுதான் இருக்கிறது. (மதுரை)

பதில்: 20 நொடியை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது சரியாக ஓடினால் கிளிப்பில் எந்தக் கோளாறும் இல்லை, உங்கள் கம்ப்யூட்டர் திணறுகிறது, அவ்வளவுதான். இப்போதைய போன்கள் சேமிக்கும் ஹெச்265 ஃபைலை (இறுக்கமாகச் சுருக்கிய வடிவம்) பிரித்துப் காட்டப் பழைய லேப்டாப்புக்குத் தெம்பு இருக்காது. ப்ராக்ஸி வசதியைப் போட்டால் சின்ன நகலை வைத்து எடிட் செய்ய விடும், கடைசியில் அசலிலிருந்தே எக்ஸ்போர்ட் ஆகும்.

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டை கேமராவிலும், மேடை அருகே தனி ரெக்கார்டரிலும் பதிவு செய்தேன். ஆரம்பத்தைச் சேர்த்து வைத்தால் ஒரு மணி நேரம் கழித்து விலகுகிறது. (நாகர்கோவில்)

பதில்: எத்தனை நொடி விலகுகிறது என்று எழுதவில்லையே. அந்த எண்தான் எல்லாவற்றையும் சொல்லும். ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி என்றால் 29.97ஐ எங்கோ 30 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது, டைம்லைன் எண்ணைக் கிளிப்பின் எண்ணோடு ஒத்துவையுங்கள். 2 நிமிடம் 24 நொடி என்றால் 24க்கும் 25க்கும் உள்ள குழப்பம். சுமார் 5 நிமிடம் விலகி, குரலும் தடித்தோ மெலிந்தோ கேட்டால் ஒலியை நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்ணில் ரெக்கார்டரின் 44.1 கிலோஹெர்ட்ஸும் கேமராவின் 48உம் ஒன்றுக்கொன்று மாறிப்போயிருக்கின்றன, அந்த ஆடியோவைச் சரியான எண்ணில் மறுபடி இறக்கினாலே போதும்.

ஒரு நொடிக்கும் குறைவு என்றால் எந்தக் கோளாறும் இல்லை. இரண்டு கருவிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது, மணிக்கணக்கில் ஓடும்போது இம்மி அளவு விலகத்தான் செய்யும். ஆடியோவின் வேகத்தை 100.01, 100.02 என்று மாற்றிப் பார்க்கலாம், ஆனால் வில்லுப்பாட்டில் அதற்குத் தேவையே இல்லை. புலவர் ஒரு கதைப் பகுதியை முடித்து, குடமும் உடுக்கும் ஓய்ந்து அடுத்ததை எடுக்கும் முன் ஒரு அமைதி வருமே, அங்கே ஆடியோவை வெட்டி இரண்டு மூன்று ஃபிரேம் நகர்த்துங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை செய்தால் கேட்கிற யாருக்கும் வெட்டு தெரியாது. அடுத்த கொடையில் பதிவின் தொடக்கத்தில் ஒருமுறை, முடிவில் ஒருமுறை கேமராவுக்குத் தெரியும்படி ஓங்கிக் கை தட்டச் சொல்லுங்கள். விலகல் எவ்வளவு என்று அளக்க அந்த இரண்டு தட்டுகளும் உதவும்.